ஐந்தில் ஒரு பாகை

உங்களிடம் ஒரு கேள்வி. நேற்று நண்பகல் வெயில் கடுமையா, முந்தாநாள் நண்பகல் வெயில் கடுமையா? வெப்பமானியைப் பார்க்கக் கூடாது. உங்கள் உடம்பு உணர்ந்ததை வைத்துக்கொண்டே விடை சொல்ல வேண்டும்.

என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டேன். திடலில் பந்து விளையாடியவர்கள் "நேற்றுத்தான்!" என்று கத்தினார்கள். நூலகத்தில் இருந்தவர்கள் "முந்தாநாள்" என்றார்கள். தாழ்வாரத்து நிழலில் தொங்கும் வெப்பமானியை நாள்தோறும் பார்த்து எழுதிவரும் மாணவி ஏட்டைப் புரட்டினாள். முந்தாநாள் 32 பாகை. நேற்று 31 பாகை. கத்தியவர்கள் அடங்கினார்கள்.

"அப்படியென்றால் ஒரு பாகை என்பது ஒன்றுமே இல்லைதானே, சார்? நமக்குத் தெரியவே இல்லையே!" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

நல்ல கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சரியான விடை வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். விடை தேடிப் படிக்கப் போனபோதுதான் துவாலு என்னும் சிறு நாட்டின் கதை கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

எட்டும் ஒன்றாய் நிற்பது

உலகப் படத்தை விரித்து, ஆஸ்திரேலியாவையும் ஹவாய்த் தீவுகளையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோட்டின் நடுவாக்கில், நம்மவர் முன்னாளில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய பீஜித் தீவுகளுக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பொட்டு வைத்தாற்போல் ஒன்பது தீவுகள் இருக்கும். பல படங்களில் அந்தப் பொட்டுக்கூட இராது.

'துவாலு' என்றால் 'எட்டும் ஒன்றாய் நிற்பது' என்று பொருள். தொன்றுதொட்டு மக்கள் வாழ்ந்தவை எட்டுத் தீவுகள். ஒன்பதாவது தீவில் பிற்காலத்தில்தான் குடியேறினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் எல்லிஸ் தீவுகள் என்று பெயர். 1978 அக்டோபர் 1ஆம் நாள் விடுதலை பெற்றது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உறுப்பு நாடாயிற்று.

நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் 6,400 ஏக்கர். ஒரு பெரிய செம்பனைத் தோட்டத்துக்குள் அடங்கிவிடும். மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் வாழ்கிறார்கள். அங்கே மக்கள் நெருங்கி வாழும் தீவுத் துண்டு நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. அகலமான இடத்திலும் ஏறத்தாழ 400 மீட்டர்தான். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல். நாட்டின் மிக உயர்ந்த மேடும் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டரை எட்டாது. நம் ஊர் இரட்டை மாடி வீட்டின் கூரை அதைவிட உயரம்!

மாதம் மாறினாலும் வெயில் மாறாத ஊர்

துவாலு நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். நம்மைப் போலவே அங்கும் குளிர்காலம், கோடைகாலம் என்று பிரித்துப் பேச இடமில்லை. மழை மிகுந்த மாதங்கள், மழை குறைந்த மாதங்கள் என்றுதான் ஆண்டைப் பிரிக்கலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை மிகுதி. சுற்றிலும் கடல் சூழ்ந்திருப்பதால் வெப்பம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு!

அந்தத் தீவுகளின் வெப்பநிலை பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் பசிபிக் தீவுநாட்டு வானிலைத் துறையினரும் சேர்ந்து ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபுனாஃபுட்டியில் பகலின் உச்ச வெப்பம், 1950 முதல், பத்தாண்டுக்கு 0.21 பாகை என்ற அளவில் ஏறி வந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இரவின் தாழ்ந்த வெப்பமும் உயர்ந்திருக்கிறது.

0.21 என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகை. அதுவும் பத்தாண்டுகளில்! பின்வரிசைப் பையன் கேட்டால் சிரிப்பான். ஆனால் கணக்கைத் தொடர்ந்து போடுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு அது ஏறத்தாழ ஒன்றேகால் பாகை. ஆண்டு முழுதும் மாதத்துக்கு மாதம் ஒரு பாகைகூட மாறாத ஊரில், ஒரு தாத்தாவின் காலத்துக்கும் அவர் பேரனின் காலத்துக்கும் இடையே ஒன்றேகால் பாகை மாறிவிட்டது.

நம் உடம்பும் அப்படித்தானே? காலையில் எழும்போதும் மாலையில் வேலை முடிந்து வரும்போதும் அது 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. அது 38 பாகையைத் தாண்டினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம். மாறாத ஒன்று மாறும்போது, மாற்றத்தின் அளவு சிறிதாக இருந்தாலும் அதைப் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு காவல்

'இவ்வளவு சிறிய மாற்றத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கருவி பிழையாக இருக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம்.

வானிலை நிலையங்களில் வெள்ளைச் சாயம் பூசிய மரப்பெட்டி ஒன்று கால்களின்மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாற்புறமும் சன்னல் இலைகளைப் போலச் சாய்வான பலகைகள் இருக்கும். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று அன்றைய உச்ச வெப்பத்தைக் காட்டி அங்கேயே நிற்கும். மற்றது தாழ்ந்த வெப்பத்தைக் காட்டி நிற்கும். பணியாளர் குறித்த நேரத்தில் கதவைத் திறந்து, பார்த்து, எழுதி, கருவியை மறுபடி சரிசெய்து வைப்பார். நாளைக்கும் அதே வேலை.

என் தந்தையார் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்தவர். அலுவலகத்துப் புல்வெளியில் ஒரு செப்பு மழைமானி இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் அதில் தேங்கிய நீரை அளந்து ஏட்டில் எழுதுவார். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். அதனால் தோட்டத்துக்கு அந்தக் கணக்கு தேவை. மழையே பெய்யாத நாளிலும் குடையைப் பிடித்தாற்போல் கம்பீரமாகப் போய் 'சூன்யம்' என்று எழுதிவிட்டு வருவார். "எதற்கப்பா, ஒன்றுமில்லையே?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "ஒன்றுமில்லை என்பதையும் எழுதினால்தான் அது கணக்கு" என்பார்.

ஃபுனாஃபுட்டியின் கணக்கும் இப்படித்தான் சேர்ந்தது. ஒரு நாள் வெப்பத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓர் ஆண்டை வைத்தும் சொல்ல முடியாது. பசிபிக் கடலில் எல் நீனோ, லா நீனா என்று மாறிமாறி வரும் நிகழ்ச்சிகள் கடல்நீரைச் சில ஆண்டுகள் சூடாக்கும், சில ஆண்டுகள் குளிரச் செய்யும். கருவியை மாற்றியிருக்கலாம்; பெட்டியை வேறிடத்துக்கு நகர்த்தியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் சோதித்து, பிழைகளைத் திருத்தி, பல்லாயிரம் நாட்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மெல்ல ஏறிச் செல்லும் அந்தக் கோடு தெரிகிறது. பெயர் தெரியாத பணியாளர்கள் பலர், மழையிலும் வெயிலிலும் போய்க் கதவைத் திறந்து எழுதியதன் பயன் அது.

சிற்றுயிர் கட்டிய நாடு

சரி, ஒன்றேகால் பாகை ஏறினால் என்ன கெட்டுவிடும்? மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். துவாலுவில் அது முடியாது. ஏனென்றால் அங்கே வெப்பம் மனிதரைத் தொடுவதற்கு முன்னால், நிலத்தை உண்டாக்கும் உயிரைத் தொடுகிறது.

துவாலுவில் மலை இல்லை, ஆறு இல்லை, நம்முடையது போன்ற செம்மண்ணும் இல்லை. தீவு முழுதும் பவளம். பவளப்பூச்சி என்னும் சிற்றுயிர் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. அது மடிந்த பின் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இப்படி எழுந்த பவளப் பாறையை அலை உடைத்துப் பொடியாக்கி மணலாகக் குவித்ததே தீவு.

இது வெறும் ஊகமன்று. தீவின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, இலண்டன் ராயல் சங்கம் 1896, 1897, 1898 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஃபுனாஃபுட்டிக்கு ஆட்களை அனுப்பித் துளை போட்டது. பவளத் தீவுகள் எப்படித் தோன்றின என்று சார்லஸ் டார்வின் சொன்ன கருத்தைச் சோதிப்பதே நோக்கம். 1,114 அடி ஆழம் வரை துளைத்தார்கள். கடைசிவரை வந்தது பவளச் சுண்ணாம்புப் பாறைதான். எரிமலைப் பாறை தட்டுப்படவே இல்லை.

இந்தப் பவளப்பூச்சியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பூச்சிக்கு ஊட்டுவது அதன் வேலை. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை ஏறி, சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால், பூச்சி அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பவளம் நிறமிழந்து எலும்பைப் போல் வெளுத்துவிடும். வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 2023 தொடங்கி உலகின் பல கடல்களில் பவளம் இவ்வாறு வெளுத்தது. உலகளவில் இது நான்காவது முறை என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

பார்த்தீர்களா? நம் கைக்குத் தெரியாத அந்த ஒரு பாகை பவளத்துக்குத் தெரிகிறது. தீவுக்கு மணல் கொடுக்கும் ஆலையே அதுதான்.

கிழங்குக் குழியில் உப்பு

உலகில் கூடிய வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது. சூடான நீர் விரியும். அதோடு துருவப் பனியும் மலைப்பனியும் உருகிக் கடலில் சேர்கின்றன. துவாலுவைச் சூழ்ந்த கடல், 2023க்கு முந்திய முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது என்று அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் கணித்தார்கள். இந்தப் போக்கில் 2050க்குள் நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி, இன்றைய உயர் ஏற்ற நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்பதும் அவர்கள் சொன்னதே.

கடல் கரையைத் தாண்டி வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பவளத் தரை கடற்பஞ்சு போன்றது. பெரிய ஏற்றம் வரும் நாட்களில் வீட்டு முற்றத்திலேயே தரைக்கடியிலிருந்து உப்புநீர் குமிழியிட்டு வரும்.

துவாலு மக்களின் பழைய உணவு 'புலாக்கா' என்னும் கிழங்கு. நம் சேப்பங்கிழங்கின் இனம். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் வளரும். மண் வளம் இல்லாத தீவில் அதை எப்படிப் பயிரிட்டார்கள் தெரியுமா? மழைநீர் தரைக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் எண்ணெயைப் போல் மிதந்து நிற்கும். அந்த நன்னீர் மட்டம் வரை பெரிய குழி வெட்டி, இலைதழைகளைப் போட்டு மக்க வைத்து, அதில் நட்டார்கள். குழிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்து. கடல் உயர உயர, அடியிலிருந்து உப்பு ஏறுகிறது. கிழங்கு அழுகுகிறது. தலைநகரில் கிழங்கு நிலத்தின் ஒரு பகுதி 1942-43இல் அமெரிக்கப் படை அமைத்த விமான ஓடுபாதைக்கு அடியிலும் போயிற்று. இன்று அரிசியும் மாவும் கப்பலில் வந்து இறங்கினால்தான் பல வீடுகளில் உலை.

குடிநீரும் கூரையில் விழும் மழைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. ஆயினும் 2011இல் லா நீனா காரணமாக மழை பொய்த்தபோது தொட்டிகள் வற்றின. அரசாங்கம் அவசரநிலை அறிவித்தது. வீட்டுக்கு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அனுப்பி வைத்தன. தரையடி நன்னீரும் உப்பாகிவிட்ட ஊரில், மழை தவறினால் கைகொடுக்க வேறு எதுவும் இல்லை.

தீவு வளர்கிறதாமே?

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1971 முதல் 2014 வரை எடுத்த வான்படங்களை ஒப்பிட்டு, 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். துவாலுவின் 101 தீவுத் துண்டுகளில் பெரும்பாலானவை சுருங்கவில்லை, வளர்ந்திருக்கின்றன! மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருக்கிறது. 1972 அக்டோபரில் 'பேபே' என்ற புயல் அடித்தபோது, ஒரே நாளில் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளக் கற்களைக் கரையில் மதில்போல் குவித்துவிட்டுப் போயிற்று. அத்தகைய கல்லும் மணலும் சேர்ந்து கரையை நீட்டியிருக்கின்றன.

'அப்படியானால் பயமில்லையே' என்று சிலர் இதைக் காட்டிப் பேசுவார்கள். அவசரப்படக் கூடாது. கரை நீண்டதால் மேடு உயர்ந்துவிடவில்லை. கிழங்குக் குழியின் உப்பும் இறங்கிவிடவில்லை. மேலும், கரைக்கு வந்த மணல் உயிருள்ள பவளத்திலிருந்து வந்தது. அந்தப் பவளமே வெந்து மடிந்தால் நாளைக்கு மணல் ஏது? மறுபுறம், தீவு நாளைக்கே மூழ்கிப்போகும் என்று கூவுவதும் சரியன்று. உண்மை இரண்டுக்கும் இடையில், மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது.

யார் மூட்டிய அடுப்பு?

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் சேரும் கரியமிலவாயு, பூமியைப் போர்வைபோல் மூடி வெப்பத்தைத் தடுக்கிறது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் இந்த வாயுவை விடாமல் அளந்து வருகிறார்கள். அன்று பத்து இலட்சத்தில் 315 பங்கு இருந்தது, 2024இல் 420ஐத் தாண்டியது. இதில் 11,000 பேர் கொண்ட துவாலுவின் பங்கு எவ்வளவு? சொல்லத்தக்க அளவில் ஒன்றுமே இல்லை. அடுப்பை மூட்டியவர் ஒருவர். புகையில் கண் எரிபவர் வேறொருவர்.

அதனால்தான் அந்தச் சிறு நாடு உலக மன்றங்களில் பேசிக்கொண்டே இருக்கிறது. 2009இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில், எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டு, நடந்துகொண்டிருந்த பேச்சையே நிறுத்தச் செய்தது. வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் கட்டுப்படுத்த முயல வேண்டும் என்று 2015 பாரிஸ் உடன்பாட்டில் எழுதப்பட்டதற்குத் துவாலு போன்ற தீவுநாடுகள் விடாமல் வாதாடியது முக்கியக் காரணம். 2021இல் அதன் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டும் டையும் அணிந்து, முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி மாநாட்டுக்கு உரை அனுப்பினார். ஆனால் 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகை என்ற அந்த எல்லையை முதல்முறையாகத் தாண்டிவிட்டது. ஓராண்டுக் கணக்கு முடிவான கணக்காகாது. எனினும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

துவாலு மக்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஃபுனாஃபுட்டியின் காயல் கரையில் மணலைக் கொட்டி, 780 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமுமாகப் புதிய மேட்டுநிலம் உண்டாக்கினார்கள். 2023இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கடல் என்ன செய்தாலும் தங்கள் நாடு நாடாகவே என்றும் நிலைக்கும் என்று எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே போய் வாழலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். உடன்படிக்கைக்கு 'ஃபலேபிலி' என்று பெயர். பக்கத்து வீட்டாரைத் தம் வீட்டாராய்ப் பார்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தைக் குறிக்கும் துவாலுச் சொல் அது. 2025இல் முதல் குலுக்கல் நடந்தது. குடும்பத்தாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

பெயர் கொடுத்தவர் எல்லாரும் ஊரை வெறுத்தவரல்லர். பிள்ளைகளின் படிப்புக்காக, வேலைக்காக, ஒரு பாதுகாப்புக்காக என்று காரணம் பல இருக்கும். பிறந்த தோட்டத்தை விட்டு மூட்டைகட்டிய குடும்பங்கள் நம்மிலும் உண்டு; அந்த மனநிலை நமக்குத் தெரியாததன்று. தோட்டம் துண்டாடப்பட்டாலும் திரும்பிப்போய்ப் பார்க்க நமக்கு அந்த மண்ணாவது இருக்கிறது. துவாலுக்காரருக்கு அதுவும் உறுதியில்லை.

மறுநாள் வகுப்பில்

மறுநாள் இதையெல்லாம் சுருக்கமாக வகுப்பில் சொன்னேன். பின்வரிசைப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்து எழுதுவார்களா?" என்று கேட்டான். எழுதாவிட்டால் கணக்கு எப்படி நிற்கும் என்றேன். "அப்படியென்றால் நம் ஏட்டில் சனி, ஞாயிறு காலியாக இருக்கிறதே!" என்றான்.

உண்மைதான். ஆசிரியரான எனக்கு அது தோன்றவில்லை. பள்ளிக் காவலரிடம் பேசினோம். சனியும் ஞாயிறும் விடுமுறை நாட்களும் தாமே பார்த்து எழுதுவதாக ஒப்புக்கொண்டார். கண்ணாடி போடாமல் எண் தெரியாது என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் கண்ணாடியும் கொண்டுவந்தார்.

வாசகர்களே, வெப்பமானி விலை அதிகமில்லை. வெயில் படாத நிழலில் ஒன்றைத் தொங்கவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு பழைய நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வாருங்கள். அதனால் துவாலுவின் கடல் இறங்கிவிடாது. ஆனால் ஒரு பாகை ஒன்றுமில்லை என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கணக்கும் ஒரு கதையும் இருக்கும்.